நாற்காலி போட ஓர் இடம்



"ரூம் காலியாத்தான் இருக்கு. நீங்க என்ன ஆளுங்க?"

மூன்று மாதமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நம் தோழர்களுக்குச் சலித்துவிட்டது. அவர்கள் தேடுவது கல்யாண மண்டபமல்ல. பத்து மேசை, இருபது நாற்காலி, இன்டர்நெட், ஒரு பிரிண்டர் வைக்க ஓர் அறை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, கம்ப்யூட்டரில் கூலிக்கு வேலை செய்கிற பெண், சீனியர் ஆபீசில் உட்கார நாற்காலி கிடைக்காத இளம் வழக்கறிஞர் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பணியறை. பெருநகரங்களில் இதற்குக் 'கோ-ஒர்க்கிங்' என்று பெயர். சேரியில் இதற்குப் பெயரே கிடையாது. "ஒத்த ரூம்ல டிவி ஓடுது, அடுப்பு எரியுது, பாட்டி இருமுது. எங்கண்ணா படிக்கிறது?" என்கிறாள் ஒரு மாணவி.

"போராடுற இயக்கம் நாற்காலி வாடகைக்கு விடலாமா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு உத்தியோகம் இருந்தது, வெளிநாட்டுப் படிப்பும் இருந்தது. தங்க இடம்தான் இல்லை. பேரை மாற்றிச் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். தடியோடு வந்து துரத்தினார்கள். பூங்காவில் போய் உட்கார்ந்தார். உட்கார இடம் கேட்பதும் போராட்டம்தான்.

சரி, பணம்? வங்கிக் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். 2016இல் வந்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் ஒவ்வொரு கிளையும் தலித் அல்லது பழங்குடி ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. ஆனால் தொழில் தொடங்குபவர் ஒரு பங்கைத் தன் கையிலிருந்து போட வேண்டும் என்றும் அது சொன்னது. கையில் இருந்தால் ஏன் வாசலில் நிற்கிறோம்?

அரசு செய்யட்டுமே என்கிறீர்களா? செய்யத்தான் வேண்டும். 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் பணியிடமும் படிப்பகமும் சேர்ந்த முதல்வர் படைப்பகம் திறந்தார்கள். நல்ல காரியம். நம் சேரிகளுக்குப் பக்கத்திலும் வரவேண்டும் என்று கேட்போம். ஆனால் அரசு மேசையில் உட்கார்ந்து அரசை எதிர்த்து நோட்டீஸ் எழுத முடியுமா? அதற்கு நம் மேசை வேண்டும்.

நம் மேசைக்கு நம் காசுதான். இது புதிதல்ல. 1907இல் இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையே ஒரு பைசா. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அவருடைய இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார்கள். 1920இல் சாகு மகராஜ் தந்த 2,500 ரூபாய் உதவியோடு வந்த அம்பேத்கரின் 'மூக்நாயக்' 1923க்குள் நின்றுபோனது. காரணங்கள் பல. ஆனாலும் ஒரு பெரிய கையைவிடப் பல சின்னக் கைகளே நமக்குப் பாதுகாப்பு.

கணக்கு இதுதான். 500 பேர், ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 2 லட்சம். அட்வான்சுக்கும் மேசை நாற்காலிக்கும் ஆறு மாத வாடகைக்கும் சரியாக இருக்கும். திறப்பு விழாவுக்குக் காசு தருபவர்கள் ஏழாவது மாத வாடகைக்குத் தரமாட்டார்கள். அதனால் பயன்படுத்துகிற 40 பேர் மாதம் 300 ரூபாய் தரவேண்டும். 12,000 வரும். வாடகை, கரண்ட், இன்டர்நெட் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அந்த 40 பேர் பெயர் கொடுத்த பிறகுதான் பூட்டு வாங்குவோம்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, ஒருவர் பெண். வரவு செலவு ஒவ்வொரு இதழிலும் அச்சாகும். 2 லட்சம் சேராவிட்டால் பணம் திரும்பிவரும். எந்தக் கட்சிப் பிரமுகர் பெயரும் சுவரில் ஏறாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்களிடம் அன்பை மட்டும் வாங்கிக்கொள்வோம். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவில்லாமல் அவர்கள் பணத்தை வாங்கினால் அதுவே நம் கழுத்துக்குச் சுருக்கு. நம் பிள்ளைகளின் அழுத முகத்தைப் படம்பிடித்துக் காசு கேட்க மாட்டோம். இது பிச்சையல்ல, பங்கு.

கடைசியாக ஒன்று. அந்த அறையின் கக்கூசை யார் கழுவுவது? "அருந்ததியர் தெருவுல ஒரு அம்மா இருக்காங்க" என்று கூட்டத்தில் ஒரு தோழர் வாயெடுத்தார். கூசிப்போனது. ஊர் நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யவா இந்த அறை? முறை வைத்துக் கழுவுவோம். முதல் வாரம் ஆசிரியர் குழு. பட்டியல் வாசலில் ஒட்டப்படும்.

வாடகைக்கு இடம் தருபவர் இன்னும் கிடைக்கவில்லை. பணம் சேரட்டும், கேள்வியை நாம் திருப்பிக் கேட்போம்: "நாங்க மனுசங்க. நீங்க என்ன ஆளுங்க?"