முந்நூறு மில்லி தண்ணீரும் ஒரு சாவியும்

சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி எழுதும் திறந்த மடல்.



இதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்திருக்கலாம். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். 'பொருள்' என்று போட்டுப் புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு இடக்கரடக்கல் நடத்தியவள் நான். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற எடுத்துக்காட்டு. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. 'கழிப்பிட வசதி தொடர்பாக' என்று எழுதினால் அது எந்தக் கோப்புக் கட்டில் போய் அடங்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே மூடாமலே எழுதுகிறேன். மாசமாக இருக்கும் பெண்களுக்கு அடிக்கடி மூத்திரம் வரும். வெளியே கிளம்பினால் போவதற்கு இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள். இதுதான் பொருள்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம் நடக்கிறது. நாங்கள் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீடொன்றின் ஒரு பகுதியில். இந்த வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய்க் கொல்லை வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கழிப்பறை அந்தக் கோடியில். வளவில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த மூலையில் இறங்க வேண்டும், எந்த வழியாக ஊருணிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய ஊர் இது. உள்ளே வரும் தண்ணீருக்கு இத்தனை யோசித்த மூத்தவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கிற மருமகளை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மகள் வந்த மூன்றாம் நாளே கட்டிலைத் தூக்கி இரண்டாங்கட்டில் போட்டோம். வழியில் ஒரு சின்ன பல்பு. கழிப்பறையில் ஒரு கைப்பிடி. இவ்வளவுதான் செலவு.

வீட்டுக்குள் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வாசலைத் தாண்டினால்தான் உங்கள் தயவு வேண்டியிருக்கிறது.

இது என்ன பெரிய விஷயம், பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் என்று யாராவது சொல்லலாம். அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். கரு தங்கிய சில வாரங்களிலேயே உடம்பில் ரத்தம் கூடத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் அளவு வழக்கத்தைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்புக்கூட்டுக்குள்ளேயே இருந்து மூத்திரப்பையை நெருக்குகிறது. நாலாம் மாதம் மேலே எழும்பியதும் கொஞ்சம் ஆசுவாசம். கடைசியில் பிள்ளையின் தலை கீழே இறங்கும்போது பழையபடி நெருக்கடி. பகலெல்லாம் காலில் கோத்து நிற்கும் நீர், ராத்திரி படுத்ததும் ரத்தத்தோடு கலந்து சிறுநீரகத்துக்கு வந்துவிடுவதால் தூக்கத்தில் மூன்று தடவை, நாலு தடவை. நோயில்லை, உடம்பின் வேலை அது.

நோயாக்குவது நாம்தான். கர்ப்பத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருக்கும். நீர் சட்டென்று இறங்காமல் தேங்கித் தேங்கி இறங்கும். தேங்கிய நீரில் கிருமி சேர இடமுண்டு; எரிச்சல், கடுப்பு என்று ஓர் அறிகுறியும் காட்டாமல்கூடச் சேரும். தண்ணீரைக் குறைத்து, வருகிற நீரையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் அதற்கு நாமே பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகம் வரை ஏறும். குளிர்காய்ச்சல் வரும். குறைமாதத்தில் வலி கண்டுவிடவும் கூடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1993-இல் இந்த மகளையே சுமந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஆசிரியைகளுக்கென்று கழிப்பறை கிடையாது. பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போகலாம், ஐந்து தடவை போக முடியுமா? காலையில் ஒரு வாய் காப்பியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாக்கு வறள வறள யாப்பிலக்கணம் நடத்தினேன். ஏழாம் மாதம் நீர்க்கடுப்பு வந்து, முதுகில் குத்தி, நடுக்கத்தோடு காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "தண்ணி குடிக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று டாக்டரம்மா திட்டினார். ஏன் குடிக்கவில்லை என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. இடக்கரடக்கல்.

முப்பது வருஷம் தாண்டி மகளோடு பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்த இடத்துக்கு வருகிறேன். அதற்கும் பெயர் வேண்டாம். ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை.

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எல்லோருக்கும் பார்த்துவிட வேண்டும் என்று 2007-லேயே முடிவெடுத்த மாநிலம் நம்முடையது. சென்னை டாக்டர் வீ. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் வகுத்த எளிய முறை அது. சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ஐந்து பத்து நிமிஷத்துக்குள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை. நாடு முழுக்க இன்று இதைத்தான் பின்பற்றுகிறார்கள் என்பதில் எனக்கு நிறையப் பெருமை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அடிக்கடி நீர் பிரிகிற பெண்ணை அழைத்து, முந்நூறு மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் இடத்தை விட்டு நகராதே என்கிறோம். அன்றைக்கு அங்கே முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கழிப்பறை இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி ஓர் அக்காவிடம் இருந்தது. அக்கா டீ குடிக்கப் போயிருந்தார்.

என் மகள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆத்தங்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருபது இருபத்தோரு வயசு இருக்கும். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்றாள். "பஸ்ல வரணும்ல ஆச்சி." அவளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர்தான் அன்றைய முதல் தண்ணீர். சிறுநீர்ச் சோதனைக்கு டப்பா கொடுத்து அனுப்பினார்கள், அதற்கும் அந்தக் கதவுதான். அக்கா வந்து திறந்தபோது உள்ளே தண்ணீர் வரவில்லை, தரை சொதசொதவென்று இருந்தது, குத்துக்காலிட்டு உட்காரும் கோப்பை. எட்டு மாத வயிற்றோடு ஒரு கையில் சேலையையும் ஒரு கையில் டப்பாவையும் பிடித்துக்கொண்டு வழுக்கும் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது எப்படி என்று எந்தப் பொறியாளரும் யோசித்திருக்க மாட்டார்.

நம் அரசுகளுக்குப் பெண்ணின் உடம்பைப் பற்றி யோசிக்கவே தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளத்தூரிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் கையில் காசில்லாத பெண்கூட மாதாமாதம் பரிசோதனைக்கு வந்துபோக முடிகிறதென்றால் அது சின்னக் காரியமில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பொருளும் கிடைக்கின்றன. பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுக்க அறை இருக்கிறது. பிறக்கும் முன் பத்து மாதம் அவள் எங்கே போவாள்? பயணம் இலவசம், இறங்கிய இடத்தில் ஒதுங்குவதற்கு மட்டும் காசு. மற்றவர்களுக்கு ஒரு தடவை ஐந்தோ பத்தோ. இவளுக்கு அதையே மூன்றாலும் நான்காலும் பெருக்க வேண்டும். சில்லறை இல்லையென்றால் வாசலில் காசு வாங்குகிற மேசைக்காரர் பார்க்கிற பார்வை வேறு.

கோழிக்கோட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில். பி. விஜி என்ற தையல்காரப் பெண் 2009-இல் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி அவர்களைத் திரட்டினார். மூத்திரம் போக இடம் வேண்டும் என்றுதான் அந்தப் போராட்டம் ஆரம்பித்தது. பிறகு, வேலை நேரத்தில் உட்கார நாற்காலி வேண்டும் என்று வளர்ந்து, 2018-இல் கேரளத்தில் சட்டமானது. 2021-இல் நம் சட்டமன்றமும் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்குத் திருத்தம் கொண்டுவந்தது. நல்லது. செக்காலை ரோட்டில் நடக்கும்போது கடைகளுக்குள் நாற்காலி கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது இப்போது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நாற்காலியைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை; அதனால் அது எல்லை தாண்டி வந்தது. கதை தொடங்கிய இடம் மட்டும் மிட்டாய்த் தெருவிலேயே நின்றுவிட்டது.

உங்களிடம் புதுக் கட்டடம் கேட்கவில்லை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, கட்டடங்கள் தாமாகவே வரும். திறப்பு விழாவும் நடக்கும். நான் கேட்பது திறந்த பிறகு பூட்டாமல் இருப்பதை. கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருகிற நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் என்று நாடு முழுக்க 2016-லிருந்து நடக்கிறது. அந்த நாள்களில் காலை ஏழு மணிக்கே கழிப்பறை திறந்திருக்கட்டும், தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். ஒரு கோப்பையாவது உட்கார்ந்து எழுகிற உயரத்தில், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோடு. காத்திருக்கும் பெஞ்சிலிருந்து அது கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போவதென்றால் வரிசை போய்விடும் என்றே பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைகளை ஏலம் விடும்போது, கர்ப்பிணிகளிடம் காசு வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அட்டை கிட்டை எதுவும் காட்டச் சொல்ல வேண்டாம், வயிறே அட்டை. மூன்றாம் மாதத்தில் வயிறு தெரியாதே என்பீர்கள். அவள் வாயால் சொன்னால் நம்புங்கள். ஐந்து ரூபாய்க்காக எந்தப் பெண்ணும் மாசமாக இருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டாள்.

இதைப் படிக்கிற பெண்களுக்கும் நாலு வார்த்தை, ஆட்சியர் பொறுத்துக்கொள்ளட்டும். தண்ணீரை நிறுத்தாதீர்கள். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு குறைத்துக்கொள்ளலாம். ராத்திரிக் காப்பியும் டீயும் நீரை இன்னும் கூட்டும். சாயங்காலம் கொஞ்ச நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீக்கத்து நீர் படுக்கும் முன்பே இறங்கிவிடும். என் மகளுக்கு நாலு தடவை மூன்றானது இதனால்தான். போகும்போது முன்னால் சற்றுக் குனிந்து முழுக்கப் போய்விட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு முறை முயன்று பாருங்கள். எரிச்சல், காய்ச்சல், விலாவில் வலி, நீரில் ரத்தம் என்றால் சீரகத்தண்ணீர், பார்லி என்று வீட்டில் நாளைக் கடத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தாகம் அடங்கவே மாட்டேனென்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். முக்கியமாக, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதுதான் இன்றைக்கு இவ்வளவு நீளமாக வந்து நிற்கிறது.

ஆட்சியர் அவர்களே, மகளுக்கு இனி வாரம் ஒரு முறை பரிசோதனை. அடுத்த வாரமும் அதே பெஞ்சில்தான் உட்காருவோம். அந்தச் சாவிக்கார அக்காமேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம், பாவம், அவருக்கும் அங்கே உட்கார ஒரு நாற்காலி கிடையாது. பூட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு தமிழாசிரியை (ஓய்வு)