படமும் நிரலும்: எது மூலம்?

ஓர் ஆர்டரில் குறைந்தது ஒரு பொருளாவது இருக்க வேண்டும். ஆர்டரை அழித்தால் அதிலுள்ள பொருள்களுக்கான வரிகளும் அழிய வேண்டும். யூஎம்எல் கிளாஸ் வரைபடத்தில் இதைச் சொல்ல, ஆர்டர் பக்கம் ஒரு கறுப்பு வைரக் குறியும் மறுமுனையில் '1..*' என்ற குறிப்பும் போதும். அதிலிருந்து ஜாவா நிரலை உருவாக்கினால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு லிஸ்ட் ஃபீல்டு மட்டுமே. அந்த நிரலை மட்டும் வைத்துப் படத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். வைரக் குறி வெறுங்கோடாகியிருக்கும், '1..*' என்பது '0..*' ஆகியிருக்கும். காலி ஆர்டர் கூடாது என்ற விதி போய்வந்த வழியில் தொலைந்துவிட்டது.

இதைக் கருவியின் குறை என்று தள்ளிவிட முடியாது. அந்த உறவைச் சொல்ல ஜாவாவில் தனி இலக்கணம் இல்லை. மறுபுறம், மெத்தடுக்குள் இருக்கும் லூப்புக்கும் பிழை கையாளலுக்கும் கிளாஸ் படத்தில் இடமில்லை.

1997 நவம்பரில் ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல்லைத் தரநிலையாக ஏற்ற காலத்திலிருந்தே இந்த இடைவெளியை அடைக்க நம் துறை முயன்றுவருகிறது. ரேஷனல் ரோஸ் கருவி நிரலுக்குள் குறிப்பு வரிகளை நட்டு, நாம் எழுதிய பகுதியைக் காத்தது. எக்லிப்ஸ் இஎம்எஃப்பில் ஒரு மெத்தடின் மேலுள்ள 'ஜெனரேட்டட்' குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை நிரலை உருவாக்கும்போது கருவி அந்த மெத்தடைத் தொடாது. இவை நம் உழைப்பைக் காத்தன. தொலைந்த அர்த்தத்தை மீட்கவில்லை. விஷுவல் ஸ்டுடியோ 2017 பதிப்பில் யூஎம்எல் வரைகருவிகளே நீக்கப்பட்டன.

வென்ற வழி ஒருவழிப் பாதைதான். சிமுலிங்க் மாடலிலிருந்து வாகனக் கட்டுப்பாட்டுக்கான சி நிரலை உருவாக்குவோர் அந்த நிரலில் கைவைப்பதில்லை. திருத்தம் எதுவானாலும் மாடலில்தான். எது மூலம், எது நகல் என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

நம் அணிகளும் அந்த முடிவை முதல் நாளே எடுக்க வேண்டும். நிரல்தான் மூலம் என்றால், 'காலி ஆர்டர் கூடாது' என்பதைக் கன்ஸ்ட்ரக்டரில் சோதனையாக எழுதுங்கள். அதற்கு ஒரு டெஸ்டும் எழுதுங்கள். கிளாஸ் படங்களைத் தேவைப்படும்போது நிரலிலிருந்தே எடுங்கள். நிரலால் சொல்ல முடியாத வடிவமைப்புக் காரணங்களை மட்டும் கையால் வரையுங்கள். அந்தப் படத்தைப் பிளான்ட்யூஎம்எல் போன்ற உரை வடிவில் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வையுங்கள். நிரல் மாறும்போது அதே மறுஆய்வில் படமும் திருத்தப்படட்டும்.