கன்வெர்ட்டரை வெட்டச் சொன்னால்

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில், ஹொசகோட்டையிலிருந்து கோலார் தங்கவயல் பக்கம் வரையிலான 71 கிலோமீட்டர் 2024 டிசம்பரில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. நேரான, காலியான சாலை கிடைத்தால் என்ன நடக்கும் என்று வண்டி பழுதுபார்க்கும் நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் ஷெட் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள்: "அண்ணே, கன்வெர்ட்டரை எடுத்துட்டு ஸ்ட்ரெயிட் பைப் போட்டுக் குடுங்க. சவுண்டும் வரும், பிக்கப்பும் வரும்."

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்க முடியாது என்று சொல்ல வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை. ஆனால் வெறும் 'முடியாது' அவரை அடுத்த ஷெட்டுக்குத்தான் அனுப்பும். காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சத்தம் வரும், அதில் பொய் இல்லை. பிக்கப் விஷயத்தில்தான் நாமே வாடிக்கையாளரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். டர்போ இல்லாத எஞ்சினில் நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரை எடுப்பதால் கிடைக்கும் பலம் காலுக்குத் தெரியாது. காதுதான் அதைக் கூட்டிச் சொல்கிறது. டர்போ எஞ்சினில் கொஞ்சம் உண்மை உண்டு. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழல் ஏறும். ஆனால் கடைகள் 'டவுன்பைப்' கணக்கில் எழுதும் குதிரைத் திறனில் பெரும்பங்கு அதோடு சேர்த்துச் செய்யும் ரிமேப்பிலிருந்து வருவது. பந்தயத்துக்கென்றே கட்டப்படும் போர்ஷே 911 ஜிடி3 கப் காருக்கே கன்வெர்ட்டர் வைத்த எக்சாஸ்ட் உண்டு. அது இருந்தால் வண்டி ஓடாது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இன்னொரு வகை வாடிக்கையாளர் உண்டு. உண்மையில் அதிகம் வருபவர் அவர்தான். சத்தம் கேட்டு வந்தவர் அல்ல. வண்டி இழுக்கவில்லை, செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண் காட்டுகிறது. யாரோ "கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு, உடைச்சு உள்ளே இருக்கறதைக் கொட்டிடு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இங்கேதான் நம் கைவேலை மதிப்புப் பெறவும் செய்யும், மதிப்பு இழக்கவும் செய்யும்.

முதலில், உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முன் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுவது பத்து நிமிட வேலை. ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் பாதை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தாண்டவில்லை என்றால் இழுவைக் குறைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பி0420 வந்ததுமே கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்றும் முடிவு கட்டக் கூடாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு, மந்தமான பின் சென்சர் இரண்டுமே அதே எண்ணைக் கொண்டுவரும்.

அடைத்திருந்தால் அடுத்த கேள்வி: அதை அடைத்தது எது? கன்வெர்ட்டருக்குள் தேய்ந்து போகும் பாகம் ஒன்றும் இல்லை. அதைக் கொல்வது பெரும்பாலும் மேலே இருக்கும் எஞ்சின். ஒரு இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்தால் எரியாத பெட்ரோல் நேராக உள்ளே போய் அங்கே எரிகிறது. 1,400 டிகிரியைத் தாண்டினால் பீங்கான் உருகும். அப்படிப்பட்ட ஒன்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேன்கூட்டு ஓட்டைகள் நடுவில் உருகி ஒட்டி, கண்ணாடி பூசியது போல் மினுங்கும், ஓரத்து ஓட்டைகள் மட்டும் திறந்திருக்கும். ஆயில் குடிக்கும் எஞ்சினாக இருந்தால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதை மழுங்கடிக்கும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் போனாலும் இதே கதிதான். நாமே சம்பில் தாராளமாகப் பூசும் மட்ட ரக சிலிகான் சீலன்டும் சென்சரைக் கெடுக்கும் என்பதை மெதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

காயிலை மாற்றாமல் கன்வெர்ட்டரை எடுத்துக்கொடுத்தால் லைட்டுக்கு இருந்த காரணம் அப்படியே இருக்கும். கண்டுபிடிக்கத்தான் ஆள் இருக்காது. பின் சென்சரை ஸ்பேசர் வைத்துப் பின்னுக்கு இழுத்து லைட்டை அணைப்பது ரிப்பேர் ஆகாது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "அது ஓனர் பாடு" என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 'டீலர்' என்பதற்கான வரையறையில் வண்டி பழுதுபார்ப்பவரும் வருகிறார். புகை விதிகளுக்கு மாறாக வண்டியை மாற்றிக்கொடுக்கும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பேனர் பிடித்தவன்தான் பெரிய தண்டனைக்கு உரியவன்.

பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்பார்கள். பிஎஸ்4 முதல் பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சின் அதற்குள் நிற்பது அரிது. தெரிந்த சென்டரில் தாள் வாங்குவது வேறு கதை. நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. தாளில் பாஸ் ஆன வண்டியும் அந்தப் புகையைத் தெருவில் விட்டுக்கொண்டுதான் போகும். தங்கவயல்காரர்களான நமக்கு இந்தப் புகையின் ஆபத்து புதிதாக இருக்க முடியாது. சுரங்கத்தில் வெடி வைத்த பின் புகை அடங்கும் வரை ஆள் இறங்காமல் காத்திருந்ததற்குக் காரணம் இதே கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான். ஷட்டர் பாதி இறக்கிய ஷெட்டுக்குள் கன்வெர்ட்டர் இல்லாத வண்டியை ஓடவிட்டு ட்யூன் பார்க்கும் தம்பிகள் இதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம்: கழற்றிய கன்வெர்ட்டர் எங்கே போகிறது? பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் அதில் சேர்ந்து சில கிராம் இருக்கும்; பீங்கானின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. டன் கணக்குக்குக் கொண்டுபோனால் ஆயிரக்கணக்கான கிராம். 2001 பிப்ரவரியில் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட காலத்தில் நம் தாதுவில் டன்னுக்கு சுமார் 3 கிராம் தங்கமே கிடைத்தது. அந்த மூன்று கிராமுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கிய ஊர் இது. மிஞ்சிய 3.3 கோடி டன் சயனைடு மண் இன்னும் மேடாகக் கிடக்கிறது. அதைத் திரும்பச் சலிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்படிப்பட்ட ஊரில், அந்தத் தாதுவைவிடப் பல நூறு மடங்கு செறிவான ஒரு பெட்டியைக் காயலான் கடைக்குப் பழைய இரும்பு விலைக்குப் போடுபவர் ஏமாளி. விலை தெரிந்தே, வண்டிக்காரரிடம் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொள்பவருக்கு என்ன பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை. 2021-இல் ரோடியம் அவுன்சுக்கு 20,000 டாலரைத் தாண்டிய நேரத்தில் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர்கள் இரவோடு இரவாகத் திருடு போயின. அந்தச் சந்தைக்குள் நம் ஷெட்டுகளும் ஒரு வாசலாக இருக்கக் கூடாது.

எனவே ஒரு வேண்டுகோள். உண்மையிலேயே செத்த கன்வெர்ட்டரை மாற்றும்போது அந்த மாடலுக்குரிய பாகத்தையே போடுங்கள். பாக எண்ணையும், பழையது செத்த காரணத்தையும் பில்லில் எழுதுங்கள். கழற்றியதை வண்டிக்காரர் கையில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அது அவருடைய பொருள்.