வெண்பல் என்னும் பொய்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலைதோறும் நாய்கள் உலாவருகின்றன. லாப்ரடார், பீகிள், ஷிட்சு என இனத்தைப் பிரித்தறியத் தெரிந்தவர்களும் தம் நாய்க்கு 42 பற்கள் உண்டென்பதை அறிந்திருப்பதில்லை. நாயின் வாய் நாறுவது இயல்பே என்பது கற்றோரிடமும் வேரூன்றிய மூடநம்பிக்கை. அந்நாற்றம் பெரும்பாலும் ஈறுநோயின் முன்னறிவிப்பு. மூன்று வயது கடந்த நாய்களில் பெரும்பாலானவற்றிடம் இந்நோயின் அறிகுறி ஏதேனும் காணப்படும்.

இந்த அறியாமையின்மீது எழுந்ததே 'மயக்க மருந்தில்லாப் பல் சுத்தம்' என்னும் வணிகம். குளிப்பாட்டி முடிதிருத்தும் இடத்திலேயே, விழித்திருக்கும் நாயை அமுக்கிப் பிடித்துப் பற்காரையைச் சுரண்டுகிறார்கள். பல் வெளுக்கிறது, உரிமையாளர் மகிழ்கிறார். நோயோ ஈறுக்கு அடியில் பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது. மயக்க நிலையில் ஒவ்வொரு பல்லாக ஆராய்ந்து, எக்ஸ்ரே எடுத்தாலன்றி அதை முழுமையாக அறிய இயலாது. உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் பல் மருத்துவ வழிகாட்டி இம்முறையை வெளிப்படையாகவே நிராகரிக்கிறது.

பதிவுபெற்ற மருத்துவரல்லாதார் கால்நடை மருத்துவம் செய்வதை 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. ஈறின் விளிம்பில் கூரிய கருவியை ஓட்டுவது மருத்துவமன்றி ஒப்பனை எனச் சாதிப்போர், அதில் குருதி கசிவது ஏனென்றும் விளக்கவேண்டும்.

மயக்க மருந்து முதிய நாய்க்கு ஆபத்து என்பர். ஆபத்து உண்டு, முன்கூட்டிய இரத்தப் பரிசோதனையும் இடையறாக் கண்காணிப்பும் அதைக் குறைக்கும். கவனிக்கப்படாத ஈறுநோயைக் குறைக்க அத்தகைய வழியேதும் இல்லை. செலவு மிகுதி என்பது நியாயமான வாதம். அதற்கு விடை அன்றாடம் பல் துலக்குவது. பல்லில் படியும் மென்படலம் சில நாள்களிலேயே காரையாக இறுகும். தூரிகை படலத்தை நீக்கும், காரையை நீக்காது. மனிதர்க்கான பற்பசை கூடாது. சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. எலும்பு பல்லைத் துலக்கும் என்று நம்பிக் கொடுப்போர் கடைவாய்ப் பல் பிளக்க வழிசெய்கிறார்கள்.

வலித்தாலும் நாய் உண்பதை நிறுத்துவதில்லை. ஒருபக்கமாக மென்று விழுங்கிவிடும். அதைக் கொண்டு வலியே இல்லை என முடிவுகட்டுவது, சான்று கிட்டாமையை இன்மைக்குச் சான்றாகக் கொள்ளும் பிழை. ஆய்வேட்டில் அப்பிழையைச் சிவப்பு மையால் அடிக்கும் பேராசிரியரே, வீட்டில் தம் நாயின் உதட்டை ஒருமுறையேனும் தூக்கிப் பாராமல் அதையே செய்கிறார்.