ஓசூர் கால்நடைப் பண்ணை யாருக்குப் பயன்பட வேண்டும்?

ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையை அறியாத விவசாயிகள் அந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள். 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட பண்ணை இது. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பரப்பு 1,600 ஏக்கருக்கும் மேல். குதிரைகளின் காலம் போனபின் மாட்டுப் பண்ணையாயிற்று. இப்போது கால்நடைப் பராமரிப்புத் துறையின் பொறுப்பில் இருந்து வருகிறது. சிந்து நாட்டைத் தாயகமாகக் கொண்ட சிவப்பு சிந்தி இனத்தைத் தமிழ்நாட்டில் பேணி வளர்த்த பெருமையும் இதற்கு உண்டு.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் ஓசூர் வளர்ந்துகொண்டே போகிறது. நிலத்தின் விலையும் உடன் ஏறுகிறது. இந்த நிலையில், ஊருக்கு அருகில் இவ்வளவு பெரிய புல்வெளி இருந்தால் பலருடைய கண்ணும் அதன்மேல் விழுவது இயல்பே. “தொழிற்சாலைக்கோ குடியிருப்புக்கோ கொடுத்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே” என்று ஒரு சாரார் சொல்லலாம். “பழமையான இடம், கட்டிடங்களைப் பழுதுபார்த்துப் பூங்காவும் காட்சிசாலையும் அமைக்கலாமே” என்று இன்னொரு சாரார் சொல்லலாம். இரு சாராரும் ஊரின் நன்மையை நினைத்தே பேசக்கூடும். ஆயினும், கறவை மாடு ஒன்றிரண்டை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு இதில் என்ன பங்கு என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

மாட்டை விற்றால் வாங்கலாம். நிலம் போனால் திரும்பாது

ஓசூருக்கு அப்பால், பழைய மைசூர் நாட்டில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். உடையார் மன்னர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்காக மாட்டு மந்தைகளை ஏற்படுத்தினார்கள். திப்பு சுல்தான் காலத்தில் அவை அமிர்த மஹால் என்ற பெயர் பெற்றன. படைக்கு இழுவை மாடுகளைத் தந்தன. அந்த மந்தைகளுக்காக ஒதுக்கிய புல்வெளிகளுக்குக் ‘காவல்’ என்றே பெயர். 1860-இல் ஆங்கில ஆட்சியினர் சிக்கனம் கருதி மந்தைகளை விற்றுவிட்டார்கள். அதன் நஷ்டம் விரைவிலேயே தெரிந்தது. 1866-இல் மாடுகளைத் திரும்பத் தேடிச் சேர்த்து மந்தையை மறுபடி அமைத்தார்கள். மேய்ச்சல் நிலம் கைவிட்டுப் போகாமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். கர்நாடக மாநிலம் சித்திரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே வட்டத்தில், இத்தகைய காவல் நிலங்களில் ஏறக்குறைய 10,000 ஏக்கரைப் பாதுகாப்பு ஆராய்ச்சி, அணு ஆராய்ச்சி, விண்வெளி ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு 2007 முதல் 2011 வரையான ஆண்டுகளில் ஒதுக்கிவிட்டார்கள். மதில் எழும்பியது. அந்தப் புல்வெளியை நம்பி ஆடுமாடு மேய்த்தவர்களும் கம்பளி நெய்தவர்களும் போராடினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. நாட்டுக்கு ஆராய்ச்சி தேவைதான். ஆனால், இந்த முறை ஆறு ஆண்டு கழித்து மந்தையை மறுபடி அமைப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிடம் எழுந்த புல்வெளி மீண்டும் புல்வெளி ஆவதில்லை.

எனவே ஓசூர்ப் பண்ணையின் நிலத்தைக் கூறு போடக் கூடாது என்பது என் முதல் கருத்து.

வேலிக்குள் இருந்தால் மட்டும் போதாது

“அது அரசாங்கப் பண்ணை, நமக்கு அதில் என்ன கிடைக்கிறது?” என்று விவசாயிகள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. நிலத்தைக் காப்பாற்றி வேலிக்குள் வைத்திருந்தால் மட்டும் போதாது. சுற்றுவட்டார விவசாயிக்கு அது கண்கூடாகப் பயன்பட வேண்டும். பயனடைந்தவன்தான் அதற்காக வாதாடுவான்.

பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவிகிதம் தீவனத்துக்கே போகிறது. ஆகவே பண்ணை செய்யத்தக்க முதல் உதவி தீவனப் பயிரில்தான் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை 60-க்கு 50 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 13,500 கரணைகள் வேண்டும். பத்து சென்ட்டுக்கு 1,350 கரணைகள் போதும். பண்ணையில் ஒரே ஒரு ஏக்கரை நாற்றங்காலாக ஒதுக்கி, நன்கு முற்றிய தண்டுகளிலிருந்து தூருக்குப் பத்து இருபரு கரணைகள் எடுத்தாலும் 1,35,000 கரணைகள் கிடைக்கும். அது நூறு விவசாயிகள் ஆளுக்குப் பத்து சென்ட் நடுவதற்குப் போதுமானது. பத்து ஏக்கர் ஒதுக்கினால் ஆயிரம் குடும்பங்கள் பயன்பெறும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

மானாவாரி மேட்டு நிலங்களைச் சீர்படுத்துவது அடுத்த வேலை. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மண்டிய இடங்களைச் சுத்தம் செய்து, கொழுக்கட்டைப் புல் மூன்று வரிசை, முயல் மசால் ஒரு வரிசை என்று மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்கலாம். முயல் மசால் விதையின் தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். முதல் ஆண்டில் விளைச்சல் குறைவாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து எக்டருக்கு 30 முதல் 35 டன் வரை எதிர்பார்க்கலாம். இந்தப் புல்வெளியிலிருந்து விதை சேகரித்து விவசாயிகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம்.

மூன்றாவது, காளைகள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப் பகுதிகளுக்கு உரியது ஆலம்பாடி மாடு. டிராக்டர் வந்த பின்னும் காட்டு மேய்ச்சல் சுருங்கிய பின்னும் இது அருகி வருகிறது. நல்ல ஆலம்பாடிக் காளைகளைப் பண்ணையில் வளர்த்து ஊர்களுக்குப் பொலிகாளையாகக் கொடுத்தால் இனம் பிழைக்கும். ஒரே காளையை ஓர் ஊரில் நீண்ட காலம் வைத்திருந்தால் அதற்குப் பிறந்த கிடேரிகளோடு அதுவே சேர நேரிடும், கன்றுகள் நலியும். ஆகையால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காளைகளை ஊருக்கு ஊர் மாற்றிக் கொடுக்க வேண்டும். பல காளைகளை ஒருங்கே வைத்துப் பராமரிக்க வசதியுள்ள பெரிய பண்ணையால்தான் இது ஆகும்.

கதவைத் திறப்பதில் கவனம்

“பண்ணைக்குள் எங்கள் மாடுகளை மேய விடுங்கள்” என்று சிலர் கேட்கக்கூடும். இதை நான் ஆதரிக்க மாட்டேன். பல ஊர் மாடுகள் ஒரே இடத்தில் கலந்தால் கோமாரியும் தோல் கழலை நோயும் எளிதில் பரவும். பண்ணை மாடுகளுக்கும் ஆபத்து, உங்கள் மாடுகளுக்கும் ஆபத்து. மாட்டை உள்ளே ஓட்டுவதைவிட, புல்லை அறுத்து வெளியே கொடுப்பதே நல்லது. வறட்சிக் காலத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக உறுப்பினர்களுக்கு அறுத்த புல்லையும் ஊறுகாய்ப் புல்லையும் வழங்கலாம்.

பழைய கட்டிடங்களைப் பழுதுபார்ப்பதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் பூட்டி வைத்து வேடிக்கை பார்ப்பதற்காக அவற்றைப் புதுப்பிக்க வேண்டாம். விவசாயிகளும், முக்கியமாகக் கறவை மாடு வளர்க்கும் தாய்மார்களும், இரண்டு நாள் தங்கிப் பயிற்சி பெறும் இடமாக ஆக்கலாம். ஓர் அறையில் பண்ணையின் வரலாற்றையும் காட்டலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

நிலத்தின் எதிர்காலம் குறித்து முடிவெடுக்கும் கூட்டங்களில் தொழில் நடத்துவோரும் நகரத்தாரும் தங்கள் கருத்தைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். விவசாயிகள் வாய் திறக்காமல் இருந்தால் அவர்களுக்கு அந்த நிலம் தேவையில்லை என்றே எண்ணப்படும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இதை எடுத்துச் சொல்லுங்கள். சுற்றுவட்டார ஊராட்சிகளின் கிராம சபைகளிலும் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் தீர்மானம் போடுங்கள். “நிலத்தைக் கொடுக்காதீர்கள்” என்று மட்டும் எழுதாமல், எத்தனை குடும்பத்துக்குக் கரணை வேண்டும், எந்தெந்த ஊருக்குக் காளை வேண்டும், எத்தனை பேர் பயிற்சிக்கு வருவார்கள் என்று கணக்கோடு எழுதிக் கொடுங்கள். கணக்கோடு வரும் மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கணக்கை இந்த மழைக்கு முன்பே எடுக்கத் தொடங்குவது நல்லது.