மூட்டு வலி என்றால் வாதம்தானா?

கல்வராயன் மலையில் சாமைக் கொல்லையில் களை எடுக்கும் முப்பது வயதுப் பெண் ஒருத்திக்கு, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வார்கள்? "வேலை ஜாஸ்தி, வாதம்... தைலம் தேய்ச்சுக்கோ!" அவ்வளவுதான். இந்த வயதில் ஏன் வாதம் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் பதிலில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு உண்டு. மாதவிலக்கு, பிள்ளைப்பேறு இவற்றோடு மட்டும் சம்பந்தப்பட்ட ஹார்மோன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நோயை எதிர்க்கும் டி செல், பி செல், மேக்ரோபேஜ் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அது வந்து ஒட்டியதும் அந்தச் செல்லில் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில அடங்குகின்றன. பி செல்கள் எதிர்ப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஃப்ளூ தடுப்பூசி போட்டால் பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்கு எதிர்ப்பொருள் அதிகம் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரவு இருந்தால் செலவும் இருக்குமே! சொந்த உடம்பையே தாக்கும் பி செல்களை உடல் வழக்கமாக ஒழித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கூடினால் அவற்றில் சில தப்பிவிடுகின்றன என்று எலிகளிடம் செய்த சோதனைகள் காட்டின. லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதமும் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

பழி முழுவதும் ஈஸ்ட்ரோஜனுக்கே என்று சொல்ல முடியாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பதும் ஒரு காரணம். ஹார்மோனின் அளவும் முக்கியம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் வேறு சில ஹார்மோன்களும் பல மடங்கு ஏறும்போது பல பெண்களுக்கு முடக்குவாதம் தணிகிறது, பிரசவத்துக்குப் பின் திரும்புகிறது. 1938-லேயே அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் இதை எழுதிவைத்தார். லூபஸோ கர்ப்பத்தில் சிலருக்கு அதிகமாகிறது!

ஆக, பெண்ணின் மூட்டு வலியை ஆணின் மூட்டு வலி போலவே எடைபோடுவது தவறு. "பொம்பளைங்கன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று ஒதுக்குவது அதைவிடத் தவறு. லூபஸைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும். சீக்கிரம் கண்டுபிடித்தாலோ, மலேரியாவுக்கு வந்த பழைய மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினே பெரிய உதவி.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்கிற பெண், வெறும் "வாதத்துக்காக" இறங்குவாளா?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டு வாசலிலேயே பார்க்க முடியும் என்று காட்டியது. அதே வாசலில் இன்னும் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். காலையில் மூட்டு எவ்வளவு நேரம் மரத்துக் கிடக்கிறது? வெயிலில் போனால் கன்னம் சிவந்து தடிக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை. சந்தேகம் வருபவர்களை மட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தைலம் தேய்த்தே வருடங்களைக் கழிப்பதைவிட இது மலிவு இல்லையா? யோசித்துப் பாருங்கள்!