ஸ்டேடியமா, சின்ன அரங்கமா? பிடித்த பேண்டை எங்கே கேட்பது?

2025 ஜனவரி 25, 26 தேதிகளில் அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் கோல்ட்பிளே இசைக்குழு இரண்டு நிகழ்ச்சிகளை நடத்தியது. ஒவ்வொரு நாளும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்த பேண்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டம் அதுதான். அதற்கு முந்தைய வாரம் நவி மும்பையில் மூன்று நாள் நிகழ்ச்சி. அங்கே டிக்கெட் விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை போனது. விற்பனை தொடங்கிய அன்று ஆன்லைன் வரிசையில் லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சியது ஏமாற்றம்தான்.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்தவர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில் வரும். "செம அனுபவம், வாழ்க்கைல மறக்கவே முடியாது" என்பது ஒன்று. "எல்லாத்தையும் ஸ்கிரீன்லதான் பார்த்தோம், அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்" என்பது இன்னொன்று. அகமதாபாத்தின் இரண்டாம் நாள் நிகழ்ச்சி ஹாட்ஸ்டாரில் நேரலையாகவே ஓடியது என்பதால், அந்த இரண்டாவது பதிலை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது.

அப்படியென்றால் இருநூறு, முந்நூறு பேர் மட்டும் உட்காரும் சின்ன அரங்கில் பிடித்த பேண்டைக் கேட்பதுதான் சரியா? இசை ரசிகர்கள் ஓயாமல் போடும் சண்டை இது. அதில் ஒரு பக்கம் சாய்வதற்கு முன்பு, அரங்கம் பெரிதாகும்போது உண்மையில் என்னவெல்லாம் மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

தூரம் செய்யும் வேலை

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும். நீங்கள் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், டிரம்ஸ் சத்தம் உங்களை வந்தடைய கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். ஸ்கிரீனில் குச்சி விழுந்த பிறகுதான் காதில் அடி விழும். இதைச் சமாளிக்க மைதானத்தின் நடுவே ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்துகிறார்கள். மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேர்ந்து ஒலிக்கும்படி, அந்தக் கோபுரங்களின் ஒலியைக் கணக்குப் போட்டுத் தாமதப்படுத்துகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். அதனால் பின்வரிசையில் நிற்பவர் கேட்பது முழுக்க முழுக்க ஸ்பீக்கரும் சவுண்ட் இன்ஜினீயரும் சேர்ந்து உருவாக்கிய ஒலி. சின்ன அரங்கில் அப்படியில்லை. டிரம்ஸின் அடியும் பாடகர் மூச்சு இழுக்கும் சத்தமும் நேராகவே உங்களிடம் வரும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் மிகக் குறைந்த இடைவெளியில் வந்துசேர்வதால் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் சின்ன இடம் என்றாலே நல்ல ஒலி என்று முடிவுகட்ட வேண்டாம். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கத்திக் கத்திப் பேசிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வெறும் சுவர், உயரம் குறைந்த கூரை, அளவுக்கு மீறிய ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்தால் நூறு பேர் அறையும் தலைவலிதான்.

மேடையில் நிற்பவருக்கு என்ன மாறுகிறது?

இதற்கு பீட்டில்ஸ் கதையைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. லிவர்பூலில் ஒரு நிலவறையில் இயங்கிய கேவர்ன் கிளப்பில், 1961 பிப்ரவரி முதல் 1963 ஆகஸ்ட் வரை அவர்கள் 292 முறை வாசித்தார்கள். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் ஆடுகிறது, எந்த இடத்தில் கவனம் சிதறுகிறது என்பதெல்லாம் அங்கே எதிரிலேயே தெரிந்துவிடும்.

1965 ஆகஸ்ட் 15 அன்று பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஏறினார்கள். கூட்டம் சுமார் 55,600 பேர். தாங்கள் வாசிப்பதைத் தாங்களே கேட்டுச் சரிசெய்துகொள்ளும் மானிட்டர் ஸ்பீக்கர் வசதி அன்று கிடையாது. ரசிகர்களின் அலறலில் அவர்களுக்கே அவர்கள் பாட்டு கேட்கவில்லை. அடுத்த ஆண்டே, 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு கட்டணக் கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனார்கள்.

இன்றைக்குக் காதுக்குள்ளேயே பொருத்தும் மானிட்டர் வந்துவிட்டதால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. வேறொரு சிக்கல் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டேடியம் நிகழ்ச்சியில் விளக்கு, வீடியோ, வாணவேடிக்கை எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் கோக்கப்பட்டிருக்கும். திடீரென்று ஒரு பாட்டை மாற்றுவது லேசான காரியமில்லை. சின்ன அரங்கில் கூட்டம் கேட்டால் பட்டியலை அங்கேயே மாற்றலாம். கர்னாடகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் நம் சபாக்களில் நெடுங்காலமாக இருக்கிறது.

அப்போ ஸ்டேடியம் வேஸ்டா?

இல்லை. எளிய கணக்கு ஒன்று போடுவோம். அகமதாபாத்தில் ஒரே இரவில் வந்த ஒரு லட்சம் பேரை 500 பேர் அரங்கில் உட்காரவைக்க வேண்டுமென்றால் பேண்ட் 200 இரவு வாசிக்க வேண்டும். அது நடக்காது. நடக்கும் நாலைந்து இரவுக்கான டிக்கெட்டும் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் கைக்கே போகும். எல்லோரும் சின்ன அரங்கில்தான் கேட்க வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலான ரசிகர்கள் கேட்கவே கூடாது என்று அர்த்தமாகிவிடும்.

பெருங்கூட்டத்துக்கென்றே ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது. கோல்ட்பிளே 2012 முதல் தன் ரசிகர்களின் மணிக்கட்டில் ஒளிரும் பட்டையைக் கட்டி வருகிறது. கடைசி வரிசையில் இருப்பவரும் அந்த ஒளிக்கடலில் ஒரு துளி ஆகிவிடுகிறார். முகம் தெரியாத பல்லாயிரம் பேரோடு ஒரே வரியைச் சேர்ந்து பாடுவதை எந்தச் சின்ன அரங்கமும் தர முடியாது.

ஆனால் கூட்டம் கூடக்கூட, கேட்பவரின் அனுபவம் இசைக் கலைஞரின் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நினைவிருக்கும். கையில் டிக்கெட்டோடு வந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் அவதிப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் டிக்கெட் நகலை அனுப்பிவைக்கும்படி ரஹ்மானே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நிகழ்ச்சியில் பார்க்கிங், வாசல், கழிப்பறை, குடிநீர் எல்லாமே கச்சேரியின் பாகம்தான்.

ஸ்டேடியத்துக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்?

"எது பெஸ்ட்?" என்ற சண்டையில் காணாமல்போகும் கேள்வி இதுதான். ஒரு லட்சம் பேரை ஈர்க்கும் கோல்ட்பிளே, 1998-ல் ஸ்டார்ஃபிஷ் என்ற பெயரில் லண்டன் கேம்டனில் ஒரு பப்பில் வாசித்துத்தான் தொடங்கியது. அந்த மாதிரி இடங்கள் இல்லாவிட்டால், இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஸ்டேடியத்தை நிரப்பப்போவது யார்?

பிரிட்டனில் இது வெறும் கற்பனைக் கேள்வியாக இல்லை. சின்ன அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கிவரும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்குப்படி, 2023-ல் மட்டும் அங்கே 125 சின்ன இசை அரங்குகள் இல்லாமல் போயின. வாடகையும் மின்கட்டணமும் ஏறுகின்றன. புதுமுக பேண்டுக்கு டிக்கெட் விலையை ஏற்ற முடியாது. பக்கத்தில் புது அடுக்குமாடி வந்தால் சத்தம் பற்றிய புகாரும் வரும்.

அதனால் 2024 மே மாதம் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று, பெரிய அரங்க டிக்கெட்டுகளில் ஒரு சிறு தொகையை எடுத்துச் சின்ன அரங்குகளுக்குத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசும் அதை ஆதரித்தது. ஆனால் கட்டாயமாக்காமல் தொழில்துறையின் விருப்பத்துக்கு விட்டது. 5,000 பேருக்கு மேல் கொள்ளும் இடங்களில் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு என்பதுதான் பேசப்படும் அளவு. கோல்ட்பிளே தன் 2025 வெம்ப்ளி, ஹல் நிகழ்ச்சிகளின் வருமானத்தில் தனக்கு வரும் பங்கில் 10 சதவிகிதத்தை அந்த டிரஸ்டுக்குத் தருவதாக அறிவித்தது. பிரான்ஸ் இதில் ஒரு படி மேலே. அங்கே டிக்கெட் வருமானத்தில் 3.5 சதவிகிதம் இசைத் துறைக்கான வரியாகவே வசூலாகி, அந்தத் துறைக்கே திரும்புகிறது.

நம்ம ஊர்ல?

இந்த யோசனை நமக்கு அந்நியமானதல்ல. மார்கழி சீசனில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளம் கலைஞர்கள் வாசிக்கும் நேரம் அது. மாலையில் பெரிய வித்வான்களுக்கு விற்கும் டிக்கெட்டும் ஸ்பான்சர் பணமும்தான் அந்த மதிய மேடையைத் தாங்குகின்றன. பெரியவரின் கூட்டம் சின்னவருக்கு மேடை போட்டுக்கொடுக்கும் ஏற்பாடு ஒரே கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஏணி எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியதற்கும், 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியதற்கும் பின்னால் அந்த விமர்சனம் இருக்கிறது. கானா, ராப், ராக், சொந்தப் பாட்டு எழுதும் கல்லூரி பேண்டுகள் ஆகியவற்றுக்கு மதியக் கச்சேரி மாதிரி ஒரு முதல் படி இன்னும் அமையவில்லை. கஃபேயின் மூலை கிடைக்கும், கல்லூரி கல்ச்சுரல்ஸ் கிடைக்கும். அதைத் தாண்டினால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் அளவுக்குப் போக வேண்டும். நடுவில் இருக்க வேண்டிய படிகள் மிகக் குறைவு.

இங்கே 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்கு மேல் 18 சதவிகிதம். சின்ன நிகழ்ச்சிக்கு இந்த விலக்கு நல்ல உதவி. ஆனால் பெரிய நிகழ்ச்சியில் வசூலாகும் வரியில் சின்ன அரங்குகளுக்கென்று எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. 5,000 பேருக்கு மேல் வரும் நிகழ்ச்சிகளில் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் ஒதுக்கினால் என்ன? 30,000 பேர் வரும் ஒரே இரவில் 6 லட்சம் ரூபாய் சேரும். ஒரு சின்ன அரங்கின் பல வார வாடகைக்கும் ஒலி அமைப்புக்கும் அது உதவும்.

"ஏற்கெனவே விலை எகிறிக் கிடக்கு, இதுல இன்னொண்ணா?" என்று ரசிகர் கேட்பது சரிதான். அதனால் இந்தத் தொகையை டிக்கெட் விலைக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்பாட்டாளரின் லாபத்திலிருந்தோ, ஆன்லைனில் வாங்கும்போது கூடவே பிடுங்கப்படும் கன்வீனியன்ஸ் கட்டணத்திலிருந்தோ எடுக்க வேண்டும். பணம் யாருக்குப் போனது என்ற கணக்கும் பொதுவில் இருக்க வேண்டும்.

அதுவரை ரசிகர்கள் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. பிடித்த பேண்ட் ஏற்கெனவே ஸ்டேடியம் அளவுக்கு வளர்ந்துவிட்டதா? தயங்காமல் போங்கள். முடிந்தால் மேடைக்கு அருகே அல்லது ஸ்பீக்கர் கோபுரத்துக்குச் சற்றுப் பின்னே இடம் பாருங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு இப்போது பிடித்திருக்கும் பேண்ட் 200 பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கிறது என்றால், "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வளர்ந்துவிட்டால் அவ்வளவு பக்கத்தில் இன்னொரு முறை கேட்கக் கிடைக்காது. வளர முடியாமல் கலைந்துபோனால் எங்கேயுமே கேட்க முடியாது. இரண்டில் எது நடக்கும் என்பதில் நீங்கள் வாங்கும் 300 ரூபாய் டிக்கெட்டுக்கும் பங்கு உண்டு.